சத்தம் போடாத செருப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கால் மட்டும் கடுக்கிறது. காரணம் கீழே. நீங்களும் அண்ணனும் சுகமா? மருந்துக்கடையில் இருமல்காரர்கள் கூட்டம் குறைந்ததா? அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களாக எழுதினால் படிப்பேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் போனுக்குப் பக்கத்திலேயே அப்பாவின் நாற்காலி. நீங்கள் "ம், ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், நான் இந்த முனையில் கத்திக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம்.

வேலை கிடைத்துவிட்டது. பாதி வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் நடிகர் நடக்கும் சத்தம் படம் பிடிக்கும்போது சரியாக விழாதாம். பிறகு ஒரு இருட்டு அறையில் திரையில் படத்தை ஓட்டிவிட்டு, அவர் கால் தரையில் படும் அதே நொடியில் நாங்கள் மைக்குக்கு முன்னால் கால் வைக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் படத்தில் வரும். அறையில் மணல் பெட்டி, ஜல்லிப் பெட்டி, மரப்பலகை, சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் பழைய செருப்புகள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் தப்பான கதவைத் திறந்துவிட்டேனோ என்று வெளியே வந்து பெயர்ப்பலகையைப் பார்த்தேன்.

இத்தனை வருடம் இந்தக் காலடிச் சத்தம் போட்டுவந்த மாஸ்டருக்கு முழங்கால் போய்விட்டது, அதனால்தான் என்னைச் சேர்த்தார். "இந்த ஒரு படம். தேறினா இரு, தேறலைன்னா பஸ் ஏறு" என்று சொல்லிவிட்டார். கண்ட இடத்திலெல்லாம் தட்டுகிறேன் என்று அப்பா எனக்கு டமாரம் என்று பெயர் வைத்தாரே, அந்தப் பெயருக்கு இப்போதுதான் சம்பளம் வரப்போகிறது. வந்தால்.

உங்கள்
டமாரம்


பிப்ரவரி 12

அன்புள்ள டமாரத்துக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இருமல் குறையவில்லை, வியாபாரமும் குறையவில்லை. உன் கால்வலிக்குத் தைலம் வைத்து அனுப்பியிருக்கிறேன். படுக்கும் முன் தேய்த்துக்கொள்.

நீ கேட்காத கேள்விக்குப் பதில்: மாமா நன்றாக இருக்கிறார். வழக்கம்போல விடிந்ததும் வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆள் உயர இரும்புக் கம்பி, இந்த வயதிலும் யாரிடமும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்டு வருகிறார். உனக்குத் தெரியாததா. அவர் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அத்தனை வீட்டுப் பெண்களும் வாளியோடு குழாயடிக்கு வந்துவிடுகிறார்கள். கடிகாரம் பொய் சொன்னாலும் சொல்லும், மாமா செருப்பு சொல்லாது என்கிறாள் மூலைவீட்டு அக்கா.

உன் பேரைத்தான் அவர் எடுப்பதில்லை. குடிநீர் அலுவலகத்தில் உனக்கு எழுத்தர் வேலை கேட்டு இன்ஜினியர் வீட்டு வாசலில் எத்தனை தடவை நின்றாரோ, அவருக்குத்தான் தெரியும். சேர வேண்டிய நாளைக்கு முந்தின நாள் நீ பஸ் ஏறிவிட்டாய். கோபம் இருக்காதா? ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது கேட்டார்: "உன் நாத்தனாருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?"

"நீங்களே ஒரு வரி எழுதிக் கேக்கலாமே மாமா" என்றேன்.

"எனக்கென்ன. சும்மா கேட்டேன்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை ஜூன் மாதம் வரைக்கும் உனக்காக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாராம். திரும்பி வந்துவிடுவாய் என்று நம்புகிறார்.

உன்
அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

தைலம் கிடைத்தது. அறை முழுக்க அந்த வாடை. மாஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார், ஆனால் பாதியை அவரே முழங்காலுக்குத் தேய்த்துத் தீர்த்துவிட்டார். உங்கள் எல்லோருக்கும் இங்கிருந்தே ஒரு வணக்கம்.

படத்தின் கதையைச் சொல்கிறேன். நம் ஊர் மாதிரி ஒரு சின்ன ஊர். செங்கல் சூளையில் வேலை செய்பவரின் மகன், நாட்டுக்காக ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறான். காலுக்கு ஷூ கிடையாது. அப்பாவுக்கு அவன் ஓடுவது பிடிக்காது, பேச்சு நின்றுவிடுகிறது. சிரிக்காதீர்கள். இதைக் கேட்டபோது நானே டைரக்டர் முகத்தை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன், நம் வீட்டில் யாராவது வந்து சொல்லிவிட்டார்களோ என்று.

பையன் ஓடும் சத்தமெல்லாம் போட்டு முடித்துவிட்டேன். சேற்றில் ஓடுவதற்கு ஈரத்துணி, ஜல்லியில் ஓடுவதற்கு என் சொந்தக் குதிகால். மாஸ்டர் "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

சிக்கல் கடைசிக் காட்சியில். பையன் பெரிய போட்டிக்குக் கோட்டில் குனிந்து நிற்கிறான். பின்னால் பார்வையாளர்கள் உட்காரும் படிகளில் யாரோ நடந்து வரும் சத்தம். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தத்தை வைத்தே அப்பா வந்துவிட்டார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். டைரக்டர் சொல்லிவிட்டார்: "அப்பா முகத்தை நான் காட்டப்போறதே இல்ல. சத்தத்துலயே அவர் வந்துடணும்."

சுவரில் இருக்கும் செருப்பு ஒன்று விடாமல் போட்டு நடந்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் டைரக்டர் ஒரே பதில்: "யாரோ நடக்கிறாங்க. அப்பா நடக்கல."

எனக்குத் தெரிந்து நடையிலேயே ஆளைச் சொல்லிவிடும் அப்பா ஒருவர்தான். டக், சரக். டக், சரக். வலது கால் தட்டும், இடது கால் இழுக்கும். போன வருடம் அவர் போட்டுக் கழித்த தோல்செருப்பு அலமாரி அடியில் கிடக்குமே, அதை அப்படியே பார்சல் செய்து அனுப்ப முடியுமா? அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள்
டமாரம்


மார்ச் 11

அன்புள்ள டமாரத்துக்கு,

எல்லோரும் நலம். உன் அண்ணனுக்கு மட்டும் லேசான சளி, மருந்துக்கடைக்காரியைக் கட்டியும் மாத்திரை சாப்பிடமாட்டேன் என்கிறார்.

செருப்பு இத்துடன் வருகிறது. அலமாரி அடியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வார் பிய்ந்து, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, ஆணி வெளியே எட்டிப் பார்த்தது. பெரிய ஊரில் நாலு பேர் பார்க்கும் இடத்துக்கு நம் வீட்டுச் செருப்பு இப்படியா போவது? உன் அண்ணனும் அதையேதான் சொன்னார். இருவரும் செருப்புத் தைப்பவரிடம் எடுத்துப் போய் புது அடி வைத்து, வார் மாற்றி, எண்ணெய் போட்டு, பாலிஷ் போட்டு வாங்கி வந்தோம். முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. யாரும் உன்னைக் குறைத்துப் பேசமாட்டார்கள்.

உன்
அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் சளி எப்படி இருக்கிறது?

பார்சலைப் பிரித்தேன். மாஸ்டர் சிரித்தார், நானும் சிரித்தேன், அப்புறம் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். உங்கள் மேல் கோபம் இல்லை, சத்தியமாக. நான் சரியாகச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பிய்ந்த வாரும் தேய்ந்த குதிகாலும் எட்டிப் பார்த்த ஆணியும்தான். அப்பாவின் நடை அவற்றில்தான் இருந்தது. புது அடி போட்டதும் செருப்பு வாயை மூடிக்கொண்டது. பூனை மாதிரி நடக்கிறது.

மாத முடிவுக்குள் அந்தக் காட்சி முடியாவிட்டால் தன் பழைய உதவியாளரைக் கூப்பிட்டுக்கொள்வதாக மாஸ்டர் சொல்லிவிட்டார். அப்படி ஆனால் ஜூனில் வந்து அந்த எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரு சந்தோஷமாவது மிஞ்சட்டும்.

உங்கள்
டமாரம்


மார்ச் 24

அன்புள்ள டமாரத்துக்கு,

சளி போய்விட்டது. என் மூளைதான் எங்கே போனது என்று தெரியவில்லை. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று உன் வயிற்றில் அடித்துவிட்டேன். பாலிஷ் டப்பாவைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் படித்தேன். மாமா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். என் குரல் கொஞ்சம் பெரிது, தெரியுமல்லவா. ஜூன், நாற்காலி என்ற இடம் வந்ததும் அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். செய்தித்தாள் அசையவே இல்லை. வெகுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தேய்ந்த குதிகாலுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் மிச்சம் இருக்கும் ஒரே ஜோடி மாமா காலில் இருக்கிறது. கழற்றுங்கள் என்று நான் கேட்க முடியுமா? மனதைத் தளரவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன்
அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள டமாரத்துக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. உன்னிடமிருந்துதான் ஒரு வரியும் காணோம். கோபமா, வேலையா, இல்லை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாயா? தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் எட்டிப் பார்க்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இரண்டு பேரும் வேறு வேலை இருப்பது போல உள்ளே வந்துவிடுகிறோம்.

ஒரு வேடிக்கை கேள். மாமா செருப்பைக் காணோம். நான் போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்தார். "நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். நம் தெருவில் நாய் கிடையாது. அதுவும் இரண்டு கால் செருப்பையும் ஜோடியாகத் தூக்கிப் போகும் நாயை நான் கேள்விப்பட்டதில்லை. உன் அண்ணனின் ரப்பர் செருப்பைக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது வேலைக்குப் போகிறார்.

விளைவு, தெருவே தாகத்தில் இருக்கிறது. ரப்பர் செருப்பில் அவர் வருவது யாருக்கும் கேட்பதில்லை. தண்ணீர் வந்து போன பிறகுதான் தெரிகிறது. மூலைவீட்டு அக்கா மருந்துக்கடைக்கே வந்து சண்டை போட்டாள்: "உங்க மாமாவுக்கு என்ன ஆச்சு? திருடன் மாதிரி வந்து திறந்துட்டுப் போறாரு." இப்போது ஒவ்வொரு தெருமுனையிலும் வால்வு சாவியால் விளக்குக் கம்பத்தைத் தட்டிவிட்டு வருகிறார். டமாரம் எங்கிருந்து வந்தாள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

உடனே பதில் போடு.

உன்
அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள், நான் நன்றாக இருக்கிறேன். ரொம்ப நன்றாக இருக்கிறேன்.

மாத முடிவுக்கு முந்தின நாள் ஒரு பார்சல் வந்தது. உள்ளே கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. குழாய் இணைப்பில் சுற்றும் சணலால் கட்டியிருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு மட்டும்தான் தெரியும், சின்ன வயதில் சொல்லிக்கொடுக்கப்பட்ட முடிச்சு அது. உள்ளே ஒரு ஜோடி தோல்செருப்பு. துடைக்கக்கூட இல்லை. வால்வுக்குழிச் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

போட்டுக்கொண்டு எழுந்தேன். அண்ணி, அந்தச் செருப்பில் நான் நடப்பது மாதிரி நடக்கவே முடியவில்லை. இடது குதிகால் வெளிப்பக்கம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. கால் தானாக அந்தப் பக்கம் சாய்கிறது, நிமிர்த்தினால் இழுக்கிறது. ஆனாலும் ஏதோ குறைந்தது. யோசித்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த இரும்புக் குழாயைத் தூக்கி வலது தோளில் வைத்தேன். மாஸ்டர் "என்ன பண்றே?" என்றார். "எங்கப்பா வெறுந்தோளோட நடந்து நான் பாத்ததே இல்ல மாஸ்டர்" என்றேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் பையன் குனிந்து நின்றான். நான் நடந்தேன். டக், சரக். டக், சரக். ஒரு இடத்தில் நின்றேன், அப்பா வாசலில் நின்று கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பாரே அந்த அளவு. அப்புறம் இன்னும் இரண்டு அடி.

விளக்கு எரிந்தபோது டைரக்டர் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் "வந்துட்டாரு" என்றார். அவ்வளவுதான். மாஸ்டர் போய் என் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிச் செருப்புச் சுவரில் ஒரு ஆணிக்கு மேலே ஒட்டினார். அந்த ஆணி இனி என்னுடையது.

பத்து வரி எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை, அதனால்தான் இத்தனை தாமதம். பார்சலுக்கு நன்றி. அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. நாய் நன்றாக இருக்கிறதா?

உங்கள்
டமாரம்


ஏப்ரல் 23

அன்புள்ள டமாரத்துக்கு,

நாய் மிகவும் நலம். உன் கடிதம் படிக்கும்போது எதிரிலேயே செய்தித்தாளோடு இருந்தது. "அந்தக் குழாய் தூக்கின இடத்தை இன்னொரு தடவை படி. தெருவுல சத்தம், சரியா விழல" என்றது. தெருவில் ஈ எறும்பு சத்தம்கூட இல்லை. நான் இரண்டு தடவை படித்தேன்.

உனக்கு ஒரு சேதி. மாமா இன்று இன்ஜினியரைப் பார்த்துவிட்டு வந்தார். உனக்கு வைத்திருந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். "ஜூன் வரைக்கும் பாக்கலாம்னீங்களே" என்று உன் அண்ணன் கேட்டார்.

"அங்கே ஆணி குடுத்துட்டாங்க இல்ல? ஒரே ஆளுக்கு ரெண்டு இடம் எதுக்கு?" என்றார் மாமா.

நான் அடுப்பு வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவ்வளவுதான்.

உன்
அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம்தானே? நான் இளைத்துவிட்டேன், ஆனால் கால் இரும்பாகிவிட்டது. அடுத்த படத்துக்குக் குதிரைக் குளம்புச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் வரமுடியாது.

நம் படம் அடுத்த வாரம் நம் ஊர்த் திரையரங்குக்கும் வருகிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். கீழே, ரொம்பக் கீழே, நான் இருக்கிறேன். அப்பாவை வற்புறுத்த வேண்டாம். வந்தால் ஓரத்து இருக்கையாகக் கொடுங்கள், காலை நீட்டிக்கொள்வார்.

உங்கள்
டமாரம்


ஆகஸ்ட் 14

அன்புள்ள டமாரத்துக்கு,

குதிரைக்கும் உனக்கும் நலம் விசாரிப்புகள். நான் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் மருந்துக்கடையில் மாத்திரையோடு செய்தியையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். அதனால் தெருவே வந்துவிட்டது. மாமா "கூட்டம் அதிகமா இருக்கும், நான் எதுக்கு" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டார். ஓரத்து இருக்கைதான் கொடுத்தேன்.

படம் முழுக்க அவர் அசையவில்லை. அந்தப் பையன் ஓடும்போதெல்லாம் முன்வரிசைப் பிள்ளைகளும் காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. பையன் குனிந்து நிற்கிறான். திரையரங்கு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அப்போது பின்னாலிருந்து வருகிறது, டக், சரக், டக், சரக்.

மூலைவீட்டு அக்கா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். "அடியே, தண்ணி வந்துடுச்சு" என்றாள், கையில் இல்லாத வாளியைத் தேடிக்கொண்டு. அவள் மட்டும் இல்லை. அந்த வரிசையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், பின்வரிசையிலும் நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது. ஒரு கணம் கழித்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கு உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. நின்றபடியே எல்லோரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்புப் போட்ட கால்கள். திரையில் பையன் ஓட ஆரம்பித்தான், நின்றவர்கள் உட்காராமலே கை தட்டினார்கள். அவன் ஜெயித்ததற்கா, வேறு எதற்கா என்று எனக்குத் தெரியாது. நான் உனக்காகத் தட்டினேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

பெயர்கள் ஓடின. ரொம்பக் கீழேதான் இருந்தாய். உன் பெயர் வந்ததும் மாமா அதை வாய்விட்டுப் படித்தார், டமாரம் இல்லை, அவரே பார்த்து வைத்த முழுப் பெயர். பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் இப்போதுதான் கேட்கிறேன். வெளியே வரும்போது மூலைவீட்டு அக்கா, "அது உங்க நடைதானே?" என்று கேட்டாள்.

"என் நடைதான். நடந்தது என் பொண்ணு" என்றார்.

இன்று காலை என்னிடம் ஒரு தாளும் உறையும் கேட்டு வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உன்
அண்ணி


ஆகஸ்ட் 16

மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். நீ நலம் என்பது உன் அண்ணி படிக்கும் கடிதங்களால் அவ்வப்போது தெரிகிறது. அவள் எனக்காகத்தான் சத்தமாகப் படிக்கிறாள் என்பதும் தெரியும்.

படம் பார்த்தேன். பையன் நன்றாக ஓடுகிறான். ஒரு குறை மட்டும் உண்டு. அந்தப் போட்டி காலையில் நடக்கிறது. காலையில் கிளம்பும்போது எனக்குக் கால் இழுக்காது. எல்லாத் தெருவும் சுற்றிவிட்டுக் கடைசியாக நம் தெருவுக்கு வரும்போதுதான் இழுக்கும். இதை உன் அண்ணனிடம் சொன்னேன். அந்த அப்பா ராத்திரி வேலையை முடித்துவிட்டு அப்படியே மகனைப் பார்க்க வந்திருப்பார் என்றான். யோசித்துப் பார்த்தேன். வேலையை முடிக்காமல் நானும் வந்திருக்கமாட்டேன். ஆகவே உன் சத்தம் சரி.

நம் வீட்டில் யாரும் பார்க்காத தொழில் என்பதால் பயந்தேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு இருட்டு அறையில் கால் வைத்தாய், இங்கே தெருவே எழுந்து நின்றது. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தச் செருப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உன் ஆணியிலேயே தொங்கட்டும். நேற்றுப் புதிதாகத் தோல்செருப்பு வாங்கினேன். இன்னும் சத்தம் போடவில்லை. இனி தினமும் நடந்து தேய்ப்பேன். நன்றாகத் தேய்ந்ததும் அதையும் அனுப்பி வைக்கிறேன்.

அப்பா